ஊளையிடும் பிக்கப்

கேள்வி: என் பழைய பிக்கப் நாற்பதைத் தாண்டினாலே ‘ஊம்’ என்று இரைகிறது. ஒரு மெக்கானிக் டயர் என்கிறார், இன்னொருவர் கியர்பாக்ஸ் என்கிறார். யாரை நம்புவது?
– வாசகர், போசரி, புனே

பதில்: வண்டியை நம்புங்கள், அதுதானே இத்தனை நாளாய்க் கத்திக்கொண்டிருக்கிறது! ஆளில்லாத சமதளச் சாலையில் நியூட்ரலில் உருளவிடுங்கள். இரைச்சல் குறையாவிட்டால் என்ஜின் நிரபராதி. இடப்பக்கம் வளையும்போது பாரம் வலச் சக்கரத்தில் இறங்கும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க வீல் பேரிங்தான். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பேரிங் போயிருந்தால், கையால் சுற்றும்போது மணல் அரைபடுவதுபோல் கரகரக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளை என்றால், டிஃபரென்ஷியல் ஆயிலைப் பாருங்கள். பேரிங் உங்கள் ஊர் நானா பேட் கடைகளிலேயே கிடைக்கும். மாற்றும்வரை லோடு ஏற்றிக்கொண்டு காத்ரஜ் மலைப்பாதையில் இறங்காதீர்கள். பேரிங் உடைந்தால் சக்கரமே கழன்றுவிடலாம்.