சீனியர் இயரில் சறுக்கினால்?

மகளுக்கு யூ.சி. (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகம் ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது. கடைசி செமஸ்டரில் கால்குலஸில் ‘டி’ வரும்போல் இருக்கிறது. இடம்தான் உறுதியாகிவிட்டதே, கவலைப்பட வேண்டுமா?
– ஒரு தாய், பிரீமான்ட்

இன்னும் உறுதியாகவில்லை அம்மா. இடத்தை ஏற்றுக்கொண்டபோது மகள் சம்மதம் சொன்ன நிபந்தனைகளை எடுத்துப் படியுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் சி-க்குக் கீழே இறங்கக் கூடாது, அந்த வருட வெயிட்டட் ஜி.பி.ஏ. 3.0-க்குக் குறையக் கூடாது, இறுதி ட்ரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1-க்குள் பள்ளியிலிருந்து போய்ச் சேர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். 2017 கோடையில் யூ.சி. இர்வைன் சுமார் 500 பேரின் இடத்தை ரத்து செய்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பியபின், ட்ரான்ஸ்கிரிப்ட் சிக்கலில் மாட்டியவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மார்க் குறைந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

ரிப்போர்ட் கார்டு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அட்மிஷன் அலுவலகத்துக்கு இந்த வாரமே மகள் எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம். எந்தப் பாடம், இப்போது என்ன கிரேடு, ஏன் சரிந்தது, கோடையில் அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தால் ஏற்பீர்களா? இந்த நாலு விஷயம் போதும். ஆகஸ்டில் அவர்களாகக் கண்டுபிடித்தால் பேச இடமே இருக்காது.

ஊரில் எங்களுக்கு பிளஸ் டூதான் எல்லாம். இங்கே பதினொன்றாம் வகுப்போடு கணக்கு முடிந்ததா?
– ஒரு தந்தை, சான் ஹோசே

கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200-க்கு கட் ஆஃப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். அதனால்தான் இந்தக் குழப்பம். யூ.சி. போடுகிற ஜி.பி.ஏ.வில் பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பாடங்கள்தான் சேரும். ஆனால் கொடுத்த இடத்தைத் தக்கவைப்பது பன்னிரண்டாம் வகுப்பு. தனியார் கல்லூரிகள் பல, அரையாண்டு மார்க்கையும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்கின்றன.

பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு ‘டி’. இப்போது டி ஆன்ஸா கம்யூனிட்டி காலேஜில் சேரப்போகிறேன். இரண்டு வருடம் கழித்து யூ.சி.க்கு டிரான்ஸ்பர் கேட்கும்போது இது குறுக்கே நிற்குமா?
– ஒரு மாணவன், சன்னிவேல்

நிற்காது, தம்பி. மூன்றாம் வருட மாணவனாக டிரான்ஸ்பர் ஆவதற்கு யூ.சி. எடைபோடுவது நீ கல்லூரியில் எடுத்த பாடங்களையும் வாங்கிய கிரேடுகளையும்தான். 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். டி ஆன்ஸாவில் குவார்ட்டர் முறை என்பதால் உனக்கு அது 90. கலிபோர்னியாவாசிக்குக் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. 2.4. கேட்க எளிதாகத்தான் இருக்கும், ஆனால் கூட்டம் அலைமோதும் மேஜர்களில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது.

டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ‘டேக்’ என்ற உத்தரவாதத் திட்டம் உண்டு. விண்ணப்பிக்கும் மாதம் செப்டம்பர். பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியேகோவில் அது கிடையாது. சில மேஜர்களுக்கும் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் கனவு இருந்தால் முதலில் அதைச் சரிபார்.

சேர்ந்த முதல் வாரமே ‘அசிஸ்ட்’ இணையதளத்தைத் திற. உன் கல்லூரி, போக நினைக்கும் வளாகம், மேஜர் மூன்றையும் தேர்ந்தெடுத்தால், இடப்பக்கம் யூ.சி. கேட்கும் பாடமும் வலப்பக்கம் அதற்கு ஈடான டி ஆன்ஸா பாடமும் எதிரெதிரே வரும். சில வரிகளில் வலப்பக்கம் ஈடான பாடமே இல்லை என்று இருக்கும். கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது அந்த வரிகளைக் குறித்துக்கொண்டு போ.

ஒன்று மட்டும் மனதில் வை. ‘டி’ என்ற எழுத்து உன்னோடு வராது, அந்தப் பாடத்தில் புரியாமல் விட்டது வரும். ஒன்று கணக்குப் பாடமென்றால் இந்தக் கோடையிலேயே உட்கார்ந்து சரிசெய்.

வகுப்பில் ‘டி’, ஆனால் ஏ.பி. (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) தேர்வில் 4. எது செல்லும்?
– ஒரு மாணவி, டப்ளின்

இரண்டும். ‘டி’ உன் சேர்க்கை நிபந்தனையை உரசும். 3 அல்லது அதற்கு மேல் வாங்கிய ஏ.பி. மதிப்பெண்ணுக்கு யூ.சி. யூனிட் தரும். ஒன்று மற்றொன்றை அழிக்காது.

பள்ளியில் படிக்கும்போதே பையன் டூயல் என்ரோல்மென்டில் கம்யூனிட்டி காலேஜ் பாடம் எடுத்தான். அதில் ‘டி’. பள்ளி மார்க்தானே?
– ஒரு தாய், இர்வைன்

இல்லை. இதைத்தான் நம் பெற்றோர் அதிகம் தவறவிடுகிறார்கள். பதினாறு வயதில் எடுத்தாலும் அது கல்லூரி ட்ரான்ஸ்கிரிப்டில் ஏறிவிட்ட கிரேடு. நாளை டிரான்ஸ்பர் ஜி.பி.ஏ. போடும்போது அதுவும் சேரும். சி மைனஸ் அல்லது அதற்குக் கீழே என்றால் திரும்ப எடுக்கலாம், யூ.சி. ஏற்கும். முதல் வேலையாக அதைச் செய்யச் சொல்லுங்கள். டூயல் என்ரோல்மென்ட் நல்ல வாய்ப்புதான். ஆனால் சீனியர் இயரில் மூன்று ஏ.பி.க்கு மேல் இதையும் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு வருடம் மட்டும் ஓரிடத்தில் படித்துவிட்டு கார்னெல் அல்லது யூ.எஸ்.சி.க்கு மாற நினைக்கிறான். அங்கேயும் பள்ளி மார்க் பார்க்க மாட்டார்களா?
– ஒரு தந்தை, எடிசன்

பார்ப்பார்கள். முதல் வருட நடுவில் விண்ணப்பித்தால் கையில் இருப்பது ஒரே ஒரு செமஸ்டர் கல்லூரி மார்க். அதை வைத்து மட்டும் எப்படி முடிவெடுப்பார்கள்? அதனால் இரண்டு இடங்களிலும் பள்ளி ட்ரான்ஸ்கிரிப்டைக் கேட்கிறார்கள். 30 செமஸ்டர் யூனிட்டுக்குக் கீழே இருந்தால் பள்ளி மார்க்குக்கு யூ.எஸ்.சி. கூடுதல் முக்கியத்துவம் தருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் சறுக்கியவன் இரண்டு வருடம் பொறுத்து, நல்ல கல்லூரி மார்க்கோடு போவது நல்லது. அவசரம் என்றால், சரிந்ததன் காரணத்தை விண்ணப்பத்தில் இரண்டு மூன்று வரியில் நேராக எழுதட்டும். கதை வேண்டாம்.

நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று சரிகிறாள். சோம்பலா?
– ஒரு தாய், பிளெசன்டன்

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நவம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கெடு தேதிகள். இரவு ஒரு மணிக்கு, ‘நான் யார்’ என்று கல்லூரிக்கு ஐந்தாவது கட்டுரை எழுதிக்கொண்டிருந்த பிள்ளை அவள். ஒரே பாடம் சரிந்தால் அந்தப் பாடத்தில் சிக்கல். எல்லாப் பாடமும் சேர்ந்து சரிந்தால், தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, தோழிகளோடு பேசுகிறாளா என்று பாருங்கள். டாக்டரிடமும் பள்ளிக் கவுன்சிலரிடமும் போங்கள். உடல்நலமோ மனநலமோ காரணமென்றால், கல்லூரிக்கு அனுப்பும் அறிக்கையில் கவுன்சிலர் அதைக் குறிப்பிடலாம். மார்க்கைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பேரன் கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறானாம். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது?
– ஒரு பாட்டி, மதுரை

காலேஜில் படிக்கிறான் என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள் பாட்டி. இரண்டு வருடம் அங்கே, அடுத்த இரண்டு வருடம் பல்கலைக்கழகத்தில் என்ற பாதை, கலிபோர்னியா அரசு 1960-இலேயே திட்டம் போட்டு அமைத்தது. யூ.சி.க்கு டிரான்ஸ்பர் ஆகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வழியில் வருகிறவர்கள்தான். பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். முதல் இரண்டு வருடக் கட்டணத்தில் மிச்சமாவதைக் கேட்டால் சொந்தக்காரர்களே விவரம் கேட்பார்கள்.

பீஸ் கட்டுவது நான். மகனின் மார்க்கைக் கேட்டால் கல்லூரி சொல்ல மறுக்கிறது!
– ஒரு தந்தை, மில்பிடாஸ்

சட்டம் அப்படி. 1974-இல் வந்த ‘பெர்ப்பா’ சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்ததும் அந்த உரிமை மாணவனுடையது. அவன் கையெழுத்துப் போட்டால் சொல்வார்கள். அவனிடமே கேளுங்கள்.

ஒரு கல்லூரியில் ஒரு குவார்ட்டர் படித்து ‘எஃப்’ வாங்கி விலகினேன். வேறு கல்லூரியில் புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். விண்ணப்பத்தில் பழையதைச் சொல்லாமல் விடலாமா?
– ஒரு மாணவன், சேக்ரமென்டோ

கூடாது. படித்த எல்லாக் கல்லூரிகளையும் குறிப்பிட வேண்டும். மறைத்தது தெரிந்தால், கிடைத்த இடமும் போகும். ‘எஃப்’-ஐத் திருத்த வழி இருக்கிறது. ஈடான பாடத்தை இப்போதைய கல்லூரியில் எடுத்தால் பழைய கிரேடுக்குப் பதிலாகக் கொள்வார்களா என்று கவுன்சிலரிடம் கேள். பதிவு தொடங்குவதற்குள் போய்ப் பார்த்துவிடு.