மைனஸ் 40-இல் வேலூர்

காரின் பழுதுக் குறியீடுகளை, அதாவது 'கோடு'களைப் படிக்கும் ஸ்கேனர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று போகிற போக்கில் எழுதியது என் தப்பு. கேள்விகள் குவிந்துவிட்டன. எழுதியவர்களில் பாதிப் பேர், "பெயர் போடாதீர்கள், என் மெக்கானிக்கும் இந்தப் பத்தியைப் படிக்கிறார்" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயம்தான். ஊர் மட்டும் போடுகிறேன்.

செக் இன்ஜின் விளக்கு ஒரு மாதமாக எரிகிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. மெக்கானிக் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். போதுமா? – ஈரோடு

ஒரு மாதம் தாங்கியிருக்கிறது என்றால் நல்ல டேப். ஆனால் அந்த விளக்குக்கு இரண்டு பாஷை உண்டு. நிலையாக எரிந்தால், "நேரம் கிடைக்கும்போது பார்" என்று அர்த்தம். விட்டுவிட்டு மினுக்கினால், "இப்போதே ஓரங்கட்டு" என்று அர்த்தம். ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது. எரியாத பெட்ரோல் அப்படியே போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. கன்வெர்ட்டருக்குள் பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். நகைக்கடைச் சமாச்சாரம். ஒரு இக்னிஷன் காயில் மாற்றச் சோம்பல்பட்டு அதை உருக்க வேண்டாம். டேப்புக்குப் பின்னால் விளக்கு எரிகிறதா, மினுக்குகிறதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

500 ரூபாய்க்கும் ஸ்கேனர் இருக்கிறது, 50,000 ரூபாய்க்கும் இருக்கிறது. எதை வாங்க? – கோவை

ஒர்க்‌ஷாப் திறக்கும் உத்தேசம் இல்லையென்றால் 50,000 ரூபாயை மறந்துவிடுங்கள்.

காரில் செருகிப் போனோடு சேர்க்கும் 500 ரூபாய் டாங்கிளின் ஜாதகத்தைச் சொல்கிறேன். கனடாவில் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்று ஒரு சிறிய நிறுவனம், காரின் பாஷையைக் கம்ப்யூட்டருக்கு மொழிபெயர்க்க இஎல்எம்327 என்று ஒரு சிப் செய்தது. முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டைப் போடாமல் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், உலகம் முழுக்கக் குட்டி போட்டுவிட்டது. 2022-இல் அந்த நிறுவனமே கடையைக் கட்டியது. நகல்கள் சௌக்கியமாக இருக்கின்றன. பெட்டியில் "பதிப்பு 1.5" என்று போட்டிருந்தால் ரசித்துவிட்டு வையுங்கள். அசல் நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை.

நகல் என்பதால் வேலையே செய்யாது என்றில்லை. ஓரளவு புதிய பெட்ரோல் காரில் இன்ஜின் கோடுகளைப் படித்துவிடும். பழைய வண்டிகளில் வாயைத் திறக்காது, சில சமயம் பாதியில் தொடர்பு அறுந்துபோகும். முதல்முறையாக வாங்குகிறவர் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து, சொந்தத் திரையும் வயரும் உள்ள கைக்கருவியை வாங்கலாம் என்பது என் கட்சி. ஆப் வேண்டாம், பேரிங் வேண்டாம், நடு ரோட்டில் போன் சார்ஜ் தீர்ந்துபோகும் கவலை வேண்டாம். போனில் கிராஃப் பார்த்துப் பழகியவர்கள் நல்ல டாங்கிள் ஒன்றும் டார்க் ப்ரோ, கார் ஸ்கேனர் மாதிரி ஒரு ஆப்பும் வைத்துக்கொள்ளட்டும்.

எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். லைவ் டேட்டா காட்டுமா? ஃப்ரீஸ் ஃபிரேம் (கோடு விழுந்த நொடியின் நிலவரம்) காட்டுமா? ரெடினெஸ் காட்டுமா? "கோடு படிக்கும் சார், கோடு அழிக்கும் சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

செருகுமிடம் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் இருக்கும். 16 துளை, ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். இன்ஜினை அணைத்துவிட்டுச் செருகி, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். வந்த கோடுகளை முதலில் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விரல் "அழி" பட்டனுக்குத்தான் ஓடும். ஓட விடாதீர்கள்.

புளூடூத் டாங்கிள் என் ஐபோனில் சேரவே மாட்டேன் என்கிறது. – நாகர்கோவில்

சேராது. மலிவான டாங்கிளில் இருப்பது பழைய புளூடூத். அந்த வகை இணைப்பை ஐபோன் அப்படியே ஏற்காது. வைஃபை வகை அல்லது பிஎல்இ வகையாக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அலமாரியில் தூங்கும் பழைய ஆண்ட்ராய்டு போனை எழுப்புங்கள்.

பி0171 என்று கோடு வந்தது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். மறுபடி அதே கோடு. இன்னொரு சென்சாரும் போய்விட்டதா? – மதுரை

போனது உங்கள் பணம்.

கோடு என்பது எஃப்ஐஆர், தீர்ப்பு அல்ல. பி0171 சொல்வது, "காற்று அதிகம், பெட்ரோல் குறைவு" என்பதை மட்டும்தான். அந்தத் தகவலை ஸ்டேஷனுக்கு வந்து சொன்னது ஆக்சிஜன் சென்சார். உங்கள் ஒர்க்‌ஷாப் புகார் கொடுத்தவரையே பிடித்து உள்ளே போட்டுவிட்டது.

(ஒரு சந்தேகம் வரலாம். கோடின் முதல் எழுத்து இன்ஜின், கியர் பக்கத்துக்கு ஒன்று, பாடிக்கு ஒன்று. ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் 'பி'. இந்தப் பத்தியில் வருவதெல்லாம் இன்ஜின் 'பி'தான்.)

இப்போது லைவ் டேட்டாவைத் திறந்து, 'லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம்' என்ற எண்ணைப் பாருங்கள். கணக்குப் போட்டதற்கு மேல் எவ்வளவு பெட்ரோல் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கிறது என்று சொல்லும் எண் அது. கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் என்றால் பரவாயில்லை. உங்களுக்கு 20-க்கு மேல் காட்டும். ஐட்லிங்கில் அதிகமாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் இறங்குகிறதா? எங்கோ ஒரு வேக்குவம் ஹோஸ் வெடித்து, கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. மாறாக, மேட்டில் ஏறும்போதும் வேகம் பிடிக்கும்போதும் அதிகமாகிறதா? ஃபியூயல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். ஹோஸ் என்றால் சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும்.

தேவையில்லாமல் சென்சார் மாற்றிய கதை எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு மே மாதம், அக்னி நட்சத்திரத்தில், கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்தேன். விளக்கு எரிந்தது, ஐட்லிங்கில் வண்டி லேசாக நடுங்கியது. அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் போட்டார்கள். பி0113. "இன்டேக் ஏர் டெம்பரேச்சர் சென்சார் அவுட் சார்" என்று சொல்லி, புதிது மாட்டி, பில்லும் போட்டுவிட்டார்கள். சாவியைத் திருப்பினேன், விளக்கு சிரித்தது. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார்கள்.

மண்டபத்து வேப்பமரத்தடியில் நிறுத்தி, என் கைக்கருவியைச் செருகினேன். இன்ஜின் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை: மைனஸ் 40 டிகிரி. வேலூரில், மே மாதத்தில்! சியாச்சினில்கூடத் தினமும் கிடைக்காது.

அந்த எண்ணே துப்பு. இந்த சென்சாரில் குளிர் ஏற ஏற மின்தடை ஏறும். வயர் அறுந்துபோனால் தடை எல்லையில்லாமல் போகும், கார் கம்ப்யூட்டர், "அடேயப்பா, என்ன குளிர்!" என்று எடுத்துக்கொண்டு அளவுகோலின் கடைசிக் கோட்டில் போய் நிற்கும். அந்தக் கடைசிக் கோடு மைனஸ் 40. ஆக, சென்சார் பழுதோ இல்லையோ, சர்க்யூட் அறுந்திருக்கிறது. பானட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் விரலை விட்டு வயரைத் தடவிக்கொண்டே போனேன். கனெக்டருக்கு இரண்டு விரற்கடை முன்னால் பச்சை வயர் துண்டாகியிருந்தது. வெட்டுவாய் சீராக இல்லை, பிய்த்துப் பிய்த்துக் கடித்த தடம். பக்கத்தில் சாட்சியாகப் பாதி தின்ற வேர்க்கடலை. எலி.

சமையல் கான்ட்ராக்டரோடு வந்த எலெக்ட்ரீஷியன் சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, பந்தியில் என் பக்கத்தில் இடம் பிடித்துக் கொடுத்தேன். கழற்றிய பழைய சென்சார் இன்னும் என் மேஜை மேல் இருக்கிறது. நல்ல நிலையில்.

என்னிடம் 1986 மாடல் அம்பாசடர். எந்த ஸ்கேனர் பொருந்தும்? – காரைக்குடி

எதுவும் பொருந்தாது. உங்கள் வண்டியில் கம்ப்யூட்டர் இருக்கக்கூடிய ஒரே இடம் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பேரனின் மடி. அமெரிக்காவில் 1996 மாடல் முதல்தான் எல்லாக் கார்களிலும் ஸ்கேனருக்குப் புரியும் பொது பாஷையான ஓபிடி-2 கட்டாயமாயிற்று. இந்தியாவில் பிஎஸ்-4 புகை விதியோடு 2010-இல் முதல் கட்டம், 2013 ஏப்ரலில் ஓபிடி-2. அதற்கு முந்தைய வண்டிகளில் அதே 16 துளை இருக்கலாம். ஆனால் பல வண்டிகள் கம்பெனியின் சொந்த பாஷையில்தான் பேசும், பொதுக் கருவிக்குப் புரியாது.

பழைய கார் வாங்கப் போகிறேன். ஸ்கேனரை எடுத்துப்போனால் விற்பவர் கோபித்துக்கொள்வாரா? – திருப்பூர்

கோபித்துக்கொண்டால் உங்களுக்குப் பெட்ரோல் செலவு மிச்சம்.

"கோடு ஒன்றுமில்லை" என்று திரை சொன்னதும் கைகொடுத்துவிடாதீர்கள். நேற்று ராத்திரிதான் அழித்திருப்பார். அழிப்பதற்குப் பத்து விநாடி போதும். ஆனால் அழித்த தடத்தை அழிக்க முடியாது. கோடை அழித்தால் கார் தன்னைத்தானே சோதித்து வைத்திருந்த குறிப்புகளும் சேர்ந்து போய்விடும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் என்று ஒவ்வொன்றையும் ஓட்டத்தில் புதிதாகச் சோதித்து முடிக்கும்வரை ரெடினெஸ் பக்கத்தில் "முடியவில்லை" என்றே காட்டும். அதற்கு மேல் இன்னொரு வரி இருக்கிறது: கோடுகள் அழித்தபின் ஓடிய தூரம். அங்கே 9 கி.மீ. என்று இருந்தால், வண்டியைப் பார்த்துக்கொண்டே, "பேட்டரி ஏதாவது மாற்றினீர்களா அண்ணே?" என்று கேளுங்கள். பேட்டரியைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இப்படி ஆகும். மாற்றியிருந்தால் பில் இருக்கும். பில் இல்லையென்றால் அண்ணன் முகத்தைப் பாருங்கள்.

பிறகு கருவியைச் செருகியபடியே அரைமணி நேரம் ஓட்டுங்கள். கூடவே ஒருவரை உட்காரவைத்துத் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள்; ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டாம். கூலன்ட் சூடு 90 டிகிரியை ஒட்டி ஏறி நிலைக்க வேண்டும். ஏசி போட்டு சிக்னலில் நின்றாலும் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வோல்டேஜ் பெரும்பாலான கார்களில் 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் இருக்கும்.

ஓடோமீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பதைச் சாதாரண ஸ்கேனர் சொல்லாது. அதற்குக் கிளட்ச் பெடல் ரப்பரைக் குனிந்து பாருங்கள். மீட்டரில் 30,000 கி.மீ., ரப்பர் வழவழவென்று தேய்ந்து வழுக்கை என்றால், இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

என் கணவர் ஸ்கேனர் வாங்கியதிலிருந்து தினமும் காபி குடிப்பதற்கு முன் காரை ஸ்கேன் செய்கிறார். என் பி.பி.யை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. – தஞ்சாவூர் வாசகி

பி.பி. மெஷினும் புளூடூத்தில் கிடைக்கிறது, வாங்கி அந்த டாங்கிள் பக்கத்தில் வையுங்கள். கிராஃப் வரும் என்று தெரிந்தால் விடமாட்டார்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: பார்த்து முடித்ததும் டாங்கிளைக் கழற்ற வேண்டும். அந்த 16 துளையில் கடைசித் துளைக்குச் சாவியை எடுத்தாலும் பேட்டரி கரண்ட் வந்துகொண்டே இருக்கும். காரை ஒருவாரம் எடுக்காமல் விட்டு, பேட்டரியும் பழசாக இருந்தால், செல்ஃப் எடுக்காது. தவிர, மலிவு டாங்கிளின் பாஸ்வேர்டு பெரும்பாலும் 1234. உங்கள் காரின் ஜாதகத்தைப் பக்கத்து வீட்டுப் பையனும் காபிக்கு முன் பார்க்கலாம்.

பிஎஸ்-6 டீசல் கார். தினமும் 4 கி.மீ. ஆபீஸ் போய் வருகிறேன். டிபிஎஃப் என்று ஏதோ கோடு. – சென்னை

கார் உங்களை ஊர் சுற்றக் கூப்பிடுகிறது. டீசல் புகையின் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டிதான் டிபிஎஃப். கரி சேர்ந்ததும் கார் தானே 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துச் சாம்பலாக்கும். 4 கி.மீ.யில் அதற்கு எங்கே சூடு ஏறுவது? எரிக்க ஆரம்பிக்கும்போதே நீங்கள் ஆபீஸ் வாசலில் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள். பி2463 என்றால் கரி அளவு மீறிவிட்டது. எச்சரிக்கை விளக்கு மட்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் 60, 70 வேகத்தில் இருபது நிமிடம் நிறுத்தாமல் போய் வாருங்கள். இழுவையே குறைந்துவிட்டது என்றால் சர்வீஸ் சென்டர்தான். நல்ல ஸ்கேனர்களில் வண்டி நின்றபடியே கரியை எரிக்கவைக்கும் வசதி உண்டு. காய்ந்த தென்னை ஓலை, சருகு மேல் நிறுத்தி அதைச் செய்யாதீர்கள். ஆயில் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். ஆயில் குறையாமல் ஏறியிருந்தால், பாதியில் நின்றுபோன எரிப்புகளின் டீசல் அதில் இறங்கியிருக்கிறது.

அதே போர்ட்டில் செருகினால் மைலேஜ் கூடும் என்று ஒரு பிளக் விற்கிறார்களே? – திண்டுக்கல்

பிரித்துப் பார்த்தால் உள்ளே மினுக்கும் எல்இடி இருக்கும். பர்ஸ் எடை குறைவதால் மைலேஜ் கொஞ்சம் கூடலாம்.

ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. என் ஸ்கேனர் "பழுது இல்லை" என்கிறது. – சேலம்

அது இன்ஜினை மட்டும் விசாரித்துவிட்டு வந்து சொல்கிறது. பொதுக் கருவிகளில் பெரும்பாலானவை ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் எட்டியே பார்க்காது. உங்கள் கார் கம்பெனியின் பெயர் போட்டு, ஏபிஎஸ்ஸும் படிக்கும் என்று உறுதி சொல்லும் கருவி வேண்டும். ஏர்பேக் விளக்கு என்றால் நீங்களே கை வைக்க வேண்டாம், வெடிக்கிற சாமான்.

ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் காரில் இப்போது என்ன கோடு? – புதுச்சேரி

பி0128. தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தே கிடப்பதால், இன்ஜினுக்குச் சேர வேண்டிய சூடு சேரவில்லை. சென்னையில் வெயில் போதவில்லை என்று மனு கொடுத்திருக்கும் ஒரே ஜீவன் என் கார்தான். லைவ் டேட்டாவில் 74 டிகிரியைத் தாண்ட மாட்டேன் என்கிறது. ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பார்த்தும் உறுதி செய்துவிட்டேன். ஸ்பேர் ஆர்டர் போட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை வரும் என்கிறார்கள். எந்தச் செவ்வாய்க்கிழமை என்று இன்னும் சொல்லவில்லை.