மேன்முறையீடு இல்லாத மன்று

தெல்தெனியவில் இரண்டு நீதிமன்றங்கள் இயங்குகின்றன. ஒன்று அரசாங்கத்துடையது. அங்கே தவணை உண்டு, சாட்சி உண்டு, சட்டத்தரணி உண்டு. தீர்ப்புப் பிடிக்காதவன் மேலே போகலாம். மற்றது தேத்தண்ணிக் கடை வாங்கில் கூடுவது. அங்கே இவை எதுவும் கிடையாது. கிரிக்கெட் வழக்குகள் மட்டும் விசாரிக்கப்படும். எவனாவது ஒரு பையனைக் கூண்டில் ஏற்றினால் பிளேன்டீ ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

பழைய தெல்தெனிய எண்பதுகளில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கடுமையான வரட்சியில் நீர் இறங்கினால் மிச்சச் சுவர்கள் தலைகாட்டும். ஊரே தண்ணீருக்குள் போனபோதும் நனையாமல் மேட்டுக்கு ஏறி வந்தது இந்த மன்று ஒன்றுதான்.

அண்மைக்காலத்தில் இங்கே அதிகம் கூண்டேறியவர் மதீஷ பத்திரன. கண்டிப் பிள்ளை, டிரினிட்டி கல்லூரியின் பழைய மாணவர், 2002 டிசம்பரில் பிறந்தவர். குற்றப்பத்திரிகை இது: 2023 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராகப் பத்து ஓவரில் 95 ஓட்டம் கொடுத்தார். அடுத்து பாகிஸ்தானுக்கு ஒன்பது ஓவரில் 90. பிறகு தோள் காயத்தோடு தொடரிலிருந்து விலகினார். எதிரிக்கு அப்போது வயது இருபது. தென்னாபிரிக்கா அன்று குவித்தது 428. மூன்று பேர் சதம் அடித்தார்கள். மீதி 333 ஓட்டம் யார் கணக்கில் போனது என்று மன்று கேட்கவில்லை. பத்தொன்பது ஓவரில் ஒரு பையனின் எதிர்காலத்தை எழுதி முத்திரை குத்திவிட்டார்கள்.

அதே வருடம் மே மாதத்தில் அவர் ஐ.பி.எல். தொடரில் சென்னை அணிக்காக 12 ஆட்டங்களில் 19 விக்கெட் எடுத்துக் கிண்ணம் வென்றபோது, இதே வாங்கு ‘நம்ம பொடியன்’ என்று நெஞ்சை நிமிர்த்தியது. ஐந்து மாதத்தில் பொடியன் எதிரியானான். பின்னர் 2025 பருவத்துக்குச் சென்னை அவரை 13 கோடி இந்திய ரூபாய்க்குத் தக்கவைத்தது. மன்றின் கணக்குப்பிள்ளை அதை இலங்கைக் காசாக்கி, வைட் ஒன்றுக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துக் காட்டினார். அந்தப் பருவம் சரிவரவில்லை. ஓவருக்குப் பத்து ஓட்டத்துக்கு மேல் போனது. சென்னை கைவிட்டதும் மன்றில் ஒரே கொண்டாட்டம். டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா அவரை 18 கோடிக்குத் தூக்கியது. இப்போது கொல்கத்தாக்காரர்களுக்கு மூளையில்லை என்று புதிய தீர்ப்பு.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. அந்தப் பிள்ளைக்குச் சொந்தப் பெயர் நிலைக்கும் முன்னே ‘பேபி மலிங்கா’ என்ற பெயரை ஒட்டிவிட்டார்கள். மலிங்காவின் உச்சத்தை முழமாக வைத்து இவரின் தொடக்கத்தை அளக்கிறார்கள். முழம் எப்படியும் பெரிதாகத்தான் இருக்கும்.

இந்த மன்று 1992 ஆகஸ்ட்டில் கூடியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் டெஸ்ட். ரொமேஷ் களுவிதாரண தன் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 132. அதே ஆட்டத்தில் மாவன் அத்தபத்து பூச்சியமும் ஒன்றும். இரண்டு வருடம் முன்பு சண்டிகரில் நடந்த தன் முதல் டெஸ்டில் அவர் எடுத்தது இரண்டு பூச்சியம். எதிரணியில் ஷேன் வோன் என்றொரு பருமனான பையன். அதுவரையான டெஸ்ட்களில் 335 ஓட்டம் கொடுத்து ஒரேயொரு விக்கெட். ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து கைக்கு வந்தது. கடைசி மூன்று விக்கெட்டையும் ஓர் ஓட்டமும் கொடுக்காமல் சாய்த்தார். நாம் 16 ஓட்டத்தால் தோற்றோம். அடுத்த டெஸ்டில் கெத்தாராமையில் கண்டிப் பையன் ஒருவன் அறிமுகமானான். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 141 ஓட்டத்துக்கு மூன்று விக்கெட். பெயர் முத்தையா முரளிதரன்.

நமது மன்றின் சட்டப்படி தீர்ப்பு தெளிவு. களுவிதாரண அடுத்த பிராட்மன். அத்தபத்து வீட்டுக்கு. வோன் கடற்கரைக்கு. முரளி அப்பாவின் பிஸ்கட் தொழிலுக்கு.

நடந்தது வேறு. களுவிதாரண 1996 உலகக் கிண்ணத்தில் நாம் மறக்க முடியாத ஆள்தான். ஆனால் 49 டெஸ்டில் அவருக்குக் கிடைத்தது மூன்று சதம். அத்தபத்து 1994இல் அகமதாபாத்தில் மேலும் இரண்டு பூச்சியம் சேர்த்தார். ஆறு இன்னிங்ஸில் மொத்தம் ஓர் ஓட்டம். முதல் டெஸ்டுக்கும் முதல் சதத்துக்கும் இடையே ஏழு வருடம். பிறகு 16 சதம், அவற்றில் ஆறு இரட்டைச் சதம், அணித்தலைவர் பதவி. வோன் 708 விக்கெட். முரளி 800.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சானிடம் பனி ஹொக்கி பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1997இல் நாடே கண்வைத்திருந்த ஜோ தோர்ன்டனை பொஸ்டன் அணி முதல் தெரிவாக எடுத்தது. முதல் பருவத்தில் 55 ஆட்டம், மூன்று கோல். எட்டு வருடம் வைத்திருந்து 2005இல் வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். அந்தப் பருவத்திலேயே லீக்கின் தலைசிறந்த வீரர் விருதை அவர் வாங்கினார். தெல்தெனிய மன்றுக்குப் பொஸ்டனில் கிளை இருந்திருக்கிறது.

இந்த மலைகளில் இருப்பவர்களுக்குப் பொறுமை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தேயிலைக் கன்று நட்டவன் அடுத்த மாதமே கூடையோடு போய் நிற்பதில்லை, வருடக்கணக்கில் காத்திருக்கிறான். செடிக்குக் கொடுக்கும் அவகாசத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கத்தான் மனம் வருவதில்லை.

பையன்கள் மீது இவ்வளவு கறாராக இருக்கும் மன்று கொழும்பைப் பார்த்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறது. 2023 நவம்பர் 2ஆம் திகதி மும்பையில் இந்தியாவிடம் 55 ஓட்டத்துக்குச் சுருண்டோம். 6ஆம் திகதி விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தார். அடுத்த நாள் நீதிமன்றம் அதைத் தடுத்தது. 9ஆம் திகதி பாராளுமன்றத்தில் அரசும் எதிர்க்கட்சியும் கட்டிப்பிடித்து, சபையே வெளியேறு என்றன. 10ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையையே இடைநிறுத்தியது. மாதம் முடிவதற்குள் அமைச்சர் பதவியிழந்தார். சபை அப்படியே இருந்தது. 2024 ஜனவரியில் இலங்கையில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் மட்டும் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது.

பெரியவர்கள் போட்ட சண்டைக்குத் தண்டம் கட்டியவர்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். சொந்த மண்ணில், தாய் தகப்பன் கண்முன்னே உலகக் கிண்ணம் ஆடும் வாய்ப்பு அவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறைதான். அதைப் பறித்தவர்களில் ஒருவர்கூடத் தெல்தெனிய வாங்கில் கூண்டேறவில்லை. ‘மெதுவான வளர்ச்சி’ என்ற குற்றச்சாட்டு சபை நாற்காலிகளுக்குப் பொருந்தாது போலும். அங்கே இருப்பவர்கள் வளரவே வேண்டியதில்லை, இருந்தால் போதும்.

இனி, இந்த மன்றில் இதுவரை பெயரே கூப்பிடப்படாதவர்களுக்கு வருகிறேன். தெல்தெனியவுக்கு மேலே ரங்கலைப் பக்கம் ஏறினால் தோட்டங்கள். லயத்துப் பிள்ளைகள் சரிவில் மென்பந்து ஆடுகிறார்கள். பந்து உருண்டால் தேயிலைக்குள் இறங்கித் தேடவேண்டும். கடினபந்து என்பது அவர்களுக்குத் தொலைக்காட்சிச் சமாச்சாரம். ஒரு நல்ல இங்கிலாந்து வில்லோ மட்டை வாங்க, கொழுந்து பறிக்கும் தாயின் ஒரு மாதச் சம்பளம் போதாது. மைதானம் இல்லாத தோட்டப் பாடசாலைகள் மலையகமெங்கும் எத்தனை! கேட்டால் ஒரே பதில்: ‘ஏன், முரளி இருக்கிறாரே?’

இருக்கிறார். தகப்பனுக்குத் தொழில் இருந்தது, படிக்கப் புனித அந்தோனியார் கல்லூரி இருந்தது, கடினபந்து இருந்தது. அவை இல்லாத பிள்ளைக்கு முரளியின் படத்தைக் காட்டி வாயை அடைக்காதீர்கள். அந்த முரளிக்கே நாம் கொடுத்ததைப் பாருங்கள். 2010இல் மத்திய மாகாண சபை பல்லேகலை மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டத் தீர்மானித்தது. பதினைந்து வருடம் கடந்தும் சர்வதேச ஆட்டம் நடந்தால் திரையில் தெரிவது பல்லேகலைதான். 800 விக்கெட் எடுத்தவரின் பெயருக்கே இவ்வளவு மெதுவான வளர்ச்சி. இதற்கும் மன்று கூடவில்லை.

ஆகவே மாண்புமிகு வாங்கு நீதிபதிகளே, என் மனு இவ்வளவுதான். பத்திரனவுக்கு இரக்கம் கேட்கவில்லை. அவரிடம் 18 கோடி இருக்கிறது, உங்கள் தீர்ப்பை அவர் தாங்கிக்கொள்வார். தோற்பதற்கும் ஒரு வாசல் வேண்டும். அத்தபத்துவுக்கு ஆறு இன்னிங்ஸில் ஓர் ஓட்டம் எடுக்க அந்த வாசல் திறந்திருந்தது. ரங்கலைப் பிள்ளைக்கு ஒரு பூச்சியம் எடுக்கக்கூட அது திறக்கவில்லை. அவன் ஏன் இன்னும் தேறவில்லை என்று நீங்கள் ஏசுவதற்காகவாவது, அவனை ஒரு தடவை அணியில் எடுக்கச் சொல்லுங்கள்.