சொல்லாமல் வந்த சிசுக்கள்

கேள்வி: "இரண்டும் பெண்" என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த கினிப் பன்றிகளுக்குக் கங்கை, யமுனை என்று பெயரிட்டு வளர்த்து வந்தோம். இன்று விடியற்காலையில் பார்த்தால் கங்கையின் அருகில் மூன்று குட்டிகள்! இது எப்படிச் சாத்தியம்? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: முதலில், பாட்டியாகிவிட்ட தங்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துக்கள். இந்த ஜீவனின் கர்ப்ப காலம் ஏறக்குறைய 59 முதல் 72 நாள் வரை. பிறந்து ஒரு மாதமாகும்போதே பெண்ணுக்குக் கருத்தரிக்கும் பக்குவம் வந்துவிடக்கூடும். இளம் பிராயத்தில் ஆண் பெண் பேதம் காண்பதோ பழகிய கண்களுக்கே சிரமமான காரியம். ஆகவே, தாங்கள் வாங்கி வந்து இரண்டரை மாதம் ஆகவில்லையென்றால், கடையில் எல்லாம் ஒரே கூண்டில் இருந்த நாட்களிலேயே கங்கை கருவுற்றிருக்கலாம். அதற்கு மேல் ஆகியிருந்தால் யமுனைதான் அப்பா.

கேள்வி: குட்டிகள் கண்ணைத் திறந்துகொண்டு ஓடுகின்றன; புல்லைக்கூடக் கடிக்கின்றன. என்றைக்கோ பிறந்தவற்றை நாங்கள்தான் கவனிக்கவில்லையோ?

பதில்: இல்லை அம்மா, இன்று பிறந்தவைதான். சுண்டெலி மூன்று வாரத்திலும் முயல் ஒரு மாதத்திலும் ரோமமற்ற, கண் திறவாத சிசுக்களை ஈன்று, வளர்ப்பின் பெரும் பகுதியைப் பிரசவத்துக்குப் பின்னர் வைத்துக்கொள்ள, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டில் மனிதரோடு பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழகிவந்த இந்தப் பிராணியோ, அந்த வேலையையெல்லாம் கருப்பையிலேயே முடித்துவிடுகிறது. பாற்பற்கள் தோன்றி மறைவதுகூட அங்கேயே நடந்தேறி, நிலையான பற்களோடும் முழு ரோமத்தோடும் விழித்த கண்களோடும், சுமார் 60 முதல் 100 கிராம் எடையில் குட்டி பூமிக்கு வருகிறது. உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். நகம், மீசை, மடிந்த காது எல்லாம் பூரணமாக இருக்கும். இதைவிட நேர்த்தியான பிரசவத்தை நான் அறியேன்.

கேள்வி: மனிதர் கை பட்டால் தாய் குட்டிகளை ஒதுக்கிவிடும் என்கிறார் என் மாமியார்.

பதில்: மென்மையாகத் தொட்டதற்காகக் குட்டியை ஒதுக்கும் சுபாவம் இதற்கு இல்லை. ஆயினும், மாமியாரின் எச்சரிக்கையில் நியாயம் உண்டு. களைத்திருக்கும் தாய்க்கு முதல் நாள் அமைதி அவசியம். நஞ்சுக்கொடியை அது தின்பதைக் கண்டு திகைக்க வேண்டாம்; அது இயற்கையே.

கேள்வி: யமுனைதான் தகப்பன் என்றால் பிரித்து வைக்க வேண்டுமாமே; மனம் வரவில்லையே?

பதில்: வரவழைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கடிதத்தில் மிகமிக அவசரமான விஷயம் இதுதான். பிரசவித்த சில மணி நேரத்துக்குள்ளேயே மறுபடியும் கருத்தரிக்கக்கூடிய உடல் அதனுடையது. இரண்டே முலைக்காம்புகளைக் கொண்டு மூன்று வாயை ஊட்டிக்கொண்டிருக்கும் தாயின்மீது, இன்றே இன்னொரு கர்ப்பத்தையும் சுமத்துவது கொடுமை. மூன்று வாரம் ஆனதும் ஆண் குட்டிகளையும் பிரித்துத் தகப்பனிடம் சேர்த்துவிடுங்கள். தாயென்றும் சகோதரியென்றும் அவை பேதம் பார்ப்பதில்லை. அதுவரை தகப்பனின் கூண்டை அருகிலேயே வையுங்கள். தனிமை இதற்கு ஆகாது. ஸ்விட்சர்லாந்தில் 2008 முதல் இதை ஒற்றையாக வளர்க்கச் சட்டமே இடம் தருவதில்லை.

கேள்வி: பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் உண்டா?

பதில்: உலர்ந்த புல் எப்போதும் கூண்டில் இருக்கட்டும், நீர் வற்றாதிருக்கட்டும். அதற்குமேல் இன்றியமையாதது வைட்டமின் சி. அதைத் தன் உடலில் உற்பத்தி செய்யும் சக்தி நம்மைப் போலவே இதற்கும் இல்லை. தானியம் மட்டும் தின்ற கினிப் பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் வருவதை நார்வேயைச் சேர்ந்த ஹோல்ஸ்ட், ஃபுரோலிக் என்னும் இருவர் 1907-இல் கண்டு வெளியிட்டார்கள். கர்ப்பத்திலும் பாலூட்டும் நாட்களிலும் தேவை இன்னும் அதிகம். கொய்யாத் துண்டு, குடைமிளகாய், சிறிது நெல்லிக்காய் கொடுங்கள். தீனியைத் தொடாமல் அது சுருண்டு கிடந்தால், மறுநாள்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: குட்டிகளுக்குப் பெயர் வைக்கலாமா?

பதில்: மருத்துவர் ஆணா பெண்ணா என்று சொன்ன பிறகு.

கேள்வி: வளர்ந்ததும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர்.

பதில்: வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே மறுபடியும் ஒரே கூண்டு, மறுபடியும் தெரியாத கர்ப்பம். கொடுத்துத்தான் ஆகவேண்டுமென்றால், நன்றாகத் தீனி தின்று எடை கூடிய பிறகு, ஒரே பாலினத்து ஜோடியாக, தெரிந்த வீட்டாருக்குக் கொடுங்கள். எது ஆண், எது பெண் என்பதை ஒரு சீட்டில் எழுதியும் கொடுங்கள்.