சோகாவும் கானாவும்: கேள்வி-பதில்

கேள்வி: சோகா, சோகா என்கிறார்களே, சோகப் பாட்டா? (மூலக்கொத்தளம் வாசகர்)

பதில்: பேரைக் கேட்டு மோசம் போகாதீர்கள், ஊரே ஆடும். கரீபியனில் டிரினிடாட் என்றொரு தீவு. அங்கே கலிப்ஸோ பாட்டுக்கு மவுசு குறைந்த நேரத்தில், லார்ட் ஷார்ட்டி என்ற பாடகர் அதோடு இந்தியர்களின் டோலக்கைக் கலந்தார்; பிறந்தது சோகா. 1973-ல் அவர் தந்த பாட்டுக்குப் பெயரே ‘இந்திராணி’.

கேள்வி: டோலக் அங்கே எப்படிப் போச்சு? (காசிமேடு வாசகர்)

பதில்: கப்பலில்தான். 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டக் கூலிக்கு இங்கிருந்து ஆள் ஏற்றினார்கள். பெரும்பாலோர் போஜ்புரிக்காரர்கள்; சென்னையில் கப்பலேறியவர்களும் உண்டு. ஆளை எண்ணி ஏற்றியவர்கள் கூடவே ஏறிய தாளத்தை எண்ணவில்லை.

கேள்வி: அதுக்கும் எங்க ஏரியாவுக்கும் இன்னா சார் சம்பந்தம்? (இன்னொரு மூலக்கொத்தளம் வாசகர்)

பதில்: சுடுகாட்டுப் பக்கம் குடியிருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? சாவு வீட்டில் ராத்திரி முழுக்க, போனவரின் பேர், தொழில், பிள்ளைகுட்டி எல்லாவற்றையும் சேர்த்து அங்கேயே பாட்டுக் கட்டுகிறார்களே, அந்த மரண கானாதான் உங்கள் சோகா. எழுதுபவர், மெட்டுப் போடுபவர், பாடுபவர் மூவரும் ஒரே ஆள். விடிவதற்குள் ரிலீஸ்! இந்தி எதிர்ப்பில் 1939-ல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் உறங்குகிற மண் உங்களுடையது. அவர்கள் பேரை எழும்பூரில் அவர்கள் பேரிலேயே நிற்கும் மாளிகை சொல்லும். விடிய விடியப் பாட்டுக் கட்டியவர்களின் பேரைத்தான் தொலைத்துவிட்டோம்.

கேள்வி: கானா சோறு போடுமா? (வண்ணாரப்பேட்டை வாசகர்)

பதில்: புளியந்தோப்பு கானா பாலா சட்டம் படித்தவர். 2012-ல் ‘அட்டகத்தி’, 2013-ல் ‘சூது கவ்வும்’ வந்த பிறகுதான் ஊர் உலகம் திரும்பிப் பார்த்தது. ‘காசு பணம்’ அவரே எழுதிப் பாடியது. மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாகவும் நின்று பார்த்தார். கைதட்டிய கையெல்லாம் ஓட்டுப் போடவில்லை. ஆகவே, மேடை ஏறினாலும் கறுப்புக் கோட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: சினிமாவில் கானா என்றால் தேவா மட்டும்தானா? (ராயபுரம் வாசகர்)

பதில்: 1990-களில் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனவர் அவர். ஆனால் 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் பாடினாரே! கல்யாண வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறோம். மீனுக்கே கல்யாணம் நடந்தது அன்றைக்குத்தான்.

கேள்வி: பெண்களுக்குக் கானா சரிப்படுமா? (திருவொற்றியூர் வாசகர்)

பதில்: கானா பாடகி இசைவாணியிடம் கேட்டுப் பாருங்கள், பாடியே பதில் சொல்வார். 2018-ல் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் அவர் ஒருவர்தான் பெண். 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம் பிடித்தார். டிரினிடாடில் 1987-ல் இந்திய வம்சாவளிப் பாடகி ட்ருபதி ராம்கூனாய் ‘சட்னி சோகா’ பாடியபோதும், நம் வீட்டுப் பெண் இப்படிப் பாடலாமா என்று பொருமினார்கள். பொருமல் அடங்கிவிட்டது, பாட்டு நிற்கிறது.

கேள்வி: டிரினிடாடில் எண்ணெய் டிரம்மையே வாத்தியம் ஆக்கினார்களாமே? (எண்ணூர் வாசகர்)

பதில்: ஆமாம், ஸ்டீல்பேன். இன்று அது அவர்களின் தேசிய வாத்தியம். நம் ஆட்கள் சட்டி, பானை, தீப்பெட்டியிலேயே காரியத்தை முடித்துக்கொண்டார்கள். எண்ணெயோடு நமக்கு வேறு உறவு: 2017-ல் கப்பல்கள் மோதிக் கடலில் கொட்டியதை வாளியால் அள்ளினோம்.

கேள்வி: கானா ரசிகன் நான். என் பங்குக்கு என்ன செய்யலாம்? (கொருக்குப்பேட்டை வாசகர்)

பதில்: அடுத்த முறை பாட்டு முடிந்ததும், “எழுதினது யாருப்பா?” என்று கேளுங்கள். “நான்தான்” என்றால் கையில் துட்டை வையுங்கள். “எங்க ஏரியா அண்ணன்” என்றால் அந்த அண்ணன் பேரைக் குறித்துக்கொண்டு, அடுத்தவருக்குப் பாட்டை அனுப்பும்போது பேரையும் சேர்த்து அனுப்புங்கள்.