போகிச் சுத்தம்

அப்பாவின் அம்பாசிடரை விற்றபோது வாங்கியவர் ‘வேண்டாம் சார்’ என்று விட்டுப்போன சாமான்கள் பரணில் ஒரு சாக்கில் கிடந்தன. பிரேக் டிரம் ஒன்று, வீல் ஸ்பேனர், இரண்டு வீல் கப், பழைய கார்புரேட்டர், ஒரு கை நட்டு போல்ட். உத்தரபாராவில் 2014இலேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. பாகம் கேட்டு எவராவது வருவார் என்று ஒரு நப்பாசை. சாக்கைக் கொட்டினேன். பஞ்சாமிர்த நிறத்தில் உதிர்ந்தது. திருவான்மியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளி வீடு. இங்கே ஜன்னல் கம்பியே துருவோடு போராடிக்கொண்டிருக்கிறது.

முதலில் வினிகர். ஓர் இரவு ஊறினால் போதும் என்று தெரியும். ஊறப்போட்டுவிட்டு மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நான்காம் நாள்தான் திரும்பினேன். அமிலத்துக்குத் துரு தீர்ந்தால் பந்தியை விட்டு எழத் தெரியாது, அடுத்து இரும்பில் கை வைக்கும். கார்புரேட்டர் இரும்புகூட இல்லை, வார்ப்புக் கலவை உலோகம். கரையான் அரித்த ஏடு மாதிரி வெளியே வந்தது.

தடித்த பிரேக் டிரம் மட்டும் தப்பித்தது. சாம்பல் நிறத்தில், புத்தம் புதுசாக! குழாயில் கழுவி, வெயிலில் காயட்டும் என்று வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பினால் மேலெல்லாம் ஆரஞ்சுப் பொடி. துரு நீங்கிய பச்சை இரும்பு ஈரத்தைக் கண்டால் நிமிஷக்கணக்கில் பூத்துவிடுமாம். சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, சூடு காட்டி, எண்ணெய் தடவியிருக்க வேண்டும். மறுபடி வினிகர். கடைக்காரர், “ஊறுகாய் வியாபாரமா சார்?” என்றார்.

வீல் கப்புக்குக் கம்பி பிரஷ். துருவோடு முலாமும் போயிற்று. அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ஸ்பேனருக்கு விஞ்ஞானம். பக்கெட்டில் சலவை சோடா கரைத்து, பேட்டரி சார்ஜரை மாட்டினேன். சுத்தமாக வேண்டிய பொருளுக்கு நெகட்டிவ், பலி கொடுக்கிற பழைய இரும்புக்கு பாசிட்டிவ். ஹைட்ரஜன் வரும் என்பதால் மொட்டை மாடியில் வைத்த அளவுக்கு முன்யோசனை இருந்தது. நுரை பொங்கியது. காலையில் பார்த்தால் பலிக்குப் போட்ட ஜன்னல் கம்பி பளபளத்தது. ஸ்பேனர் முன்னைவிடச் சிவந்திருந்தது. வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

கடைசியில் அப்பா காலத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். டிரம்மை விரலால் தடவிப் பார்த்தார். “அய்யா ஒவ்வொண்ணுக்கும் கிரீஸ் அப்பி, பேப்பர் சுத்தில்ல வெச்சிருந்தாரு? எப்படி சார் துரு ஏறிச்சு?”

நான் டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். உள்ளேயிருந்து அம்மா பெருமையாகக் குரல் கொடுத்தாள்: “அந்த அழுக்கையெல்லாம் போன போகிக்கு இவன்தான்ப்பா மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, சாக்குல கட்டி வெச்சான்!”