கண் முன்னே நடந்த களவு

1860-இல் யோஹான் கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஸோல்னர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி ஒரு துணியைப் பார்த்தார். நாமெல்லாம் துணியைப் பார்த்தால் மீட்டர் என்ன விலை என்று கேட்போம். அவர் கட்டுரை எழுதினார். துணியில் அச்சடித்திருந்த டிசைனில் நீளநீளமாகக் கோடுகள், ஒவ்வொன்றின் குறுக்கேயும் பொடிப்பொடியாகச் சாய்வுக் கோடுகள். நீளக் கோடுகள் அத்தனையும் இணைகோடுகள்தான், அளந்தால் இம்மி பிசகாது. ஆனால் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து விழப்போகிற மாதிரி இருக்கும். டிசைன் போட்ட புண்ணியவான் யாரோ. பாடப்புத்தகத்தில் இருப்பது ஸோல்னரின் பெயர்தான்.

கட்டுரை போகென்டார்ஃப் என்ற பத்திரிகை ஆசிரியரிடம் போயிற்று. ஆசிரியர் என்றால் வந்ததைத் திருத்துவார், வெட்டுவார், ஆறு மாதம் மேசையில் ஊறப்போடுவார். இவரோ அந்தப் படத்தையே உற்றுப் பார்த்து இன்னொரு பித்தலாட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு சாய்கோடு ஒரு பட்டைக்குப் பின்னால் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தால், அது அதே கோடாகத் தெரிவதில்லை; சற்றுத் தள்ளி வேறு கோடு கிளம்பியதுபோல் இருக்கிறது. ஆக, எழுதி அனுப்பியவர் பெயரில் ஒரு மாயத்தோற்றம், பிரித்துப் படித்தவர் பெயரில் இன்னொன்று. ஒரு துண்டுத் துணியில் இரண்டு பேர் அமரராகிவிட்டார்கள்.

ஸோல்னரின் பிற்காலத்தையும் சொல்லிவிட வேண்டும். 1877-இல் ஹென்றி ஸ்லேட் என்ற அமெரிக்க ஆவி வியாபாரி ஸோல்னர் இருந்த லைப்சிக் நகருக்கு வந்து சேர்ந்தார். முந்தைய வருடம்தான் லண்டன் நீதிமன்றம் அவரை மோசடிக்காரர் என்று தண்டித்து, மேல்முறையீட்டில் ஒரு சட்ட ஓட்டை வழியாக அவர் வெளியே வந்திருந்தார். இரண்டு முனைகளையும் சேர்த்து அரக்கு முத்திரை வைத்த கயிற்றில், அவர் முன்னிலையில் முடிச்சுகள் விழுந்தன. நான்காவது பரிமாணத்திலிருந்து யாரோ வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று ஸோல்னர் தீர்ப்புச் சொல்லி, அதற்கும் புத்தகம் எழுதினார். ஊரார் கண் பொய் சொல்லும் என்று நிரூபித்த மனிதருக்குத் தன் கண்ணில் மட்டும் அப்படி ஒரு நம்பிக்கை.

அடுத்த களவு நகைச்சுவைப் பத்திரிகைகளில் நடந்தது. 1892-இல் மியூனிக்கிலிருந்து வந்த ‘ஃப்ளீகெண்டெ ப்ளெட்டர்’ இதழில் ஒரு படம்: இப்படிப் பார்த்தால் வாத்து, அப்படிப் பார்த்தால் முயல். அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஜாஸ்ட்ரோ அதை எடுத்துத் தன் ஆராய்ச்சியில் போட்டார். அங்கிருந்து அது தத்துவ மேதை விட்கென்ஸ்டைனிடம் போனது. ஜோக் புத்தகத்தில் இருந்தவரை சிரித்துக்கொண்டிருந்த பிராணி, தத்துவத்துக்குள் நுழைந்ததும் தீராத பிரச்சினையாகிவிட்டது.

1915 நவம்பரில் ‘பக்’ என்ற அமெரிக்க இதழில் டபிள்யூ. ஈ. ஹில் என்ற கார்ட்டூனிஸ்ட் தன் மனைவியையும் மாமியாரையும் ஒரே படத்தில் வரைந்து, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று வாசகரைச் சீண்டினார். மேலோட்டமாகப் பார்த்தால் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்ட இளம்பெண். அவள் தாடையையே கொஞ்சநேரம் பாருங்கள்: அது கிழவியின் மூக்காக நீள்கிறது, காது கண்ணாகிறது, கழுத்து அட்டிகை இறுகிய வாயாகிறது. மாமியார் ஒருமுறை வந்துவிட்டால் பிறகு மனைவியைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். மாமியார் ஜோக் அப்போதே பழசுதான், படமும் பழசு. 1888-லேயே ஒரு ஜெர்மன் அட்டையில் வந்திருக்கிறது, 1890-இல் ஒரு குதிரைவண்டி கம்பெனியின் விளம்பரமாகவும் ஓடியிருக்கிறது. 1930-இல் ஹார்வர்ட் பேராசிரியர் எட்வின் போரிங் இதை ‘புதிய’ உருவம் என்று உளவியல் இதழில் அறிமுகப்படுத்தினார். அதன்பின் அதற்குப் பெயர் போரிங் உருவம். கார்ட்டூன் போட்டவருக்குப் பட்டை நாமம்.

இதுவரை படக்காரர்களிடமிருந்து பேராசிரியர்கள் சுட்டார்கள். இனி காற்று திசைமாறுகிறது.

1954-இல் ஆம்ஸ்டர்டாமில் உலகக் கணிதவியலாளர் மாநாடு. அதையொட்டி ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் டச்சு ஓவியர் எஷரின் படங்களை மாட்டியிருந்தார்கள். ரோஜர் பென்ரோஸ் என்ற மாணவர் அதைப் பார்த்துக் கிறங்கிப்போய் ஊருக்குத் திரும்பி, தன் பங்குக்கு ஒன்று வரைந்தார்: மூன்று கட்டைகளைச் சேர்த்து ஒரு முக்கோணம். எந்த மூலையைப் பார்த்தாலும் நியாயமான மூலை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எந்த ஆசாரியும் செய்து தர முடியாத பொருள். அப்பா லயனலிடம் காட்டினார். அப்பா மனநல மருத்துவர், மரபணு ஆராய்ச்சியாளர். மகன் படிப்பைக் கவனிக்காமல் கிறுக்குகிறானே என்று கண்டிக்க வேண்டியவர், தானும் உட்கார்ந்து ஒரு படிக்கட்டு வரைந்தார். ஏறிக்கொண்டே போகலாம், புறப்பட்ட படியிலேயே வந்து நிற்கலாம்.

இதை எந்தத் துறையில் சேர்ப்பது என்று அப்பனுக்கும் பிள்ளைக்கும் தெரியவில்லை. கணிதமா, ஓவியமா, கட்டடக்கலையா? ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்காலஜி’யின் ஆசிரியர் அப்பாவுக்குத் தெரிந்தவர். ஆகவே இது உளவியல் என்று முடிவாயிற்று. விஞ்ஞானத் துறைகள் எப்படிப் பிரிகின்றன என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம். 1958-இல் வந்த கட்டுரையின் பிரதியை எஷருக்கே அனுப்பிவைத்தார்கள். அவர் நன்றியோடு வாங்கிக்கொண்டு, 1960-இல் அந்தப் படிக்கட்டைத் தூக்கி ஒரு மாளிகைக் கூரையில் வைத்து, முக்காடு போட்ட துறவிகளை அதில் சுற்றவிட்டார். மறுவருடம் முக்கோணத்தை அடுக்கி அருவியாக்கினார். விழுந்த தண்ணீர் கால்வாயில் ஓடி அருவியின் உச்சிக்கே போய்ச் சேர்ந்தது. படிக்கட்டு 2010-இல் ‘இன்செப்ஷன்’ படத்தில் நடித்தது. மகன் ரோஜர் 2020-இல் நோபல் பரிசு வாங்கினார். அது கருந்துளைக்காக.

இதில் உண்மையிலேயே வயிறெரிய வேண்டியவர் ஸ்வீடன் ஓவியர் ஆஸ்கர் ரோய்டெஷ்வேர்ட். 1934-இல் ஸ்டாக்ஹோமில் லத்தீன் வகுப்பில் தூக்கம் வராமலிருக்க அவர் நோட்டின் ஓரத்தில் கட்டம் கட்டமாக வரைந்தது இதே முக்கோணம். பென்ரோஸ்களுக்கு அது தெரியாது. நாற்பத்தெட்டு வருடம் கழித்து, 1982-இல், ஸ்வீடன் அஞ்சல் துறை அவர் உருவங்களை மூன்று தபால்தலைகளாக வெளியிட்டது. லத்தீன் வாத்தியாருக்கு ஒரு பங்கு கொடுத்திருக்கலாம்.

அந்தத் தபால்தலைகளுக்கு வெகு முன்பே எஷர் ஹிப்பிகளின் குலதெய்வமாகிவிட்டார். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கண்ணைப் பறிக்கும் வண்ணம் பூசி, கேட்காமலேயே போஸ்டர் அடித்து விற்றார்கள். 1969-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர், இசைத்தட்டு உறைக்குப் படம் கேட்டுக் கடிதம் எழுதினார். எழுபதைத் தாண்டிய அந்த டச்சுக்காரரை முதல் பெயர் சொல்லி மொரிட்ஸ் என்று விளித்திருந்தார். படம் கிடையாது என்று பதில் வந்தது. ஜாகருக்குத் தான் மொரிட்ஸ் அல்ல என்பதையும் அவரிடம் தெரிவித்துவிடும்படி உதவியாளருக்கு ஒரு வரி வந்தது. ராக் இசை வரலாற்றில் மரியாதை பற்றி நடந்த ஒரே விவாதம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் பாவம் என்றால் பிரிட்ஜெட் ரைலிதான். லண்டன் ஓவியர். கறுப்பு, வெள்ளை, வளைகோடு, அவ்வளவுதான். நின்று பார்த்தால் கான்வாஸ் மூச்சு விடும், நெளியும், பார்ப்பவருக்குக் காலடியில் தரை நழுவும். உளவியல் புத்தகத்தைப் பார்த்து வரைகிறார் என்று எல்லாரும் சொன்னார்கள். தான் ஒளியியல் படித்ததே இல்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். பிரெஞ்சு ஓவியர் ஸெராவின் ஓவியம் ஒன்றைப் பிரதியெடுத்துக் கற்றுக்கொண்டவர் அவர். யார் கேட்டார்கள்?

1965 பிப்ரவரியில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ‘தி ரெஸ்பான்சிவ் ஐ’ கண்காட்சி. இந்த வகைக் கலைக்கு ‘ஆப் ஆர்ட்’ என்று ‘டைம்’ பத்திரிகை முந்தைய அக்டோபரிலேயே பெயர்சூட்டு விழா நடத்தியிருந்தது. கண்காட்சி நூலின் அட்டையில் ரைலியின் படம். விமானத்திலிருந்து இறங்கி காரில் வருகிறார். மாடிசன் அவென்யூவில் கடை கடையாகப் பொம்மைகள் அவருடைய ஓவியங்களை உடுத்திக்கொண்டு நிற்கின்றன. அவர் ஓவியம் ஒன்றை விலைகொடுத்து வாங்கியிருந்த லேரி ஆல்ட்ரிச் ஆயத்த ஆடை வியாபாரி. சுவரில் மாட்டினால் போதுமா, துணியில் அச்சடித்துக் கவுன் தைத்துவிட்டார். கோபத்தில் ரைலி வக்கீலைப் பார்த்தார். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் ஓவியருக்குப் பெரிதாக எதுவும் இல்லை. திறப்புவிழாவில் பாதிக் கூட்டம் அவர் படத்தைப் போட்டுக்கொண்டு வந்திருந்தது. அவர்களிடமிருந்து விலகி விலகி நடந்தாராம். தன் ஓவியத்தை இனி ஒருவர் ஒழுங்காகப் பார்க்க இருபது வருடமாகும் என்றும் நொந்துகொண்டார். ஸோல்னர் துணியிலிருந்து உருவியதை, நூற்றைந்து வருடம் கழித்து ஆல்ட்ரிச் வட்டியோடு துணியில் சேர்த்துவிட்டார். வட்டி கட்டியது மட்டும் ரைலி.

அதே கண்காட்சியில் இருந்த ஹங்கேரிக்காரர் விக்டர் வாசரேலி புலம்பவே இல்லை. மருத்துவம் படிக்கப் போய் பாதியில் விட்டு, விளம்பரத் தொழிலில் சம்பாதித்த ஆள். கலை எல்லா வீட்டுக்கும் போகட்டும் என்பது அவர் கொள்கை. 1969-இல் டேவிட் போவி இசைத்தட்டின் உறையில் அவர் புள்ளிகள். 1972-இல் மகனோடு சேர்ந்து ரெனோ காருக்குப் புது முத்திரை. கொள்கையும் கூலியும் ஒரே திசையில் போவது கொடுப்பினை.

உளவியலாளர்கள் திருந்தினார்களா என்றால், இல்லை. 1970-களில் பிரிஸ்டலில் ரிச்சர்ட் கிரெகரியின் ஆய்வுக்கூடத்து ஆள் ஒருவர், செயின்ட் மைக்கேல்ஸ் ஹில் அடிவாரத்து டீக்கடைச் சுவரைக் கவனித்தார். கறுப்பு ஓடு, வெள்ளை ஓடு, ஒவ்வொரு வரிசையும் பாதி ஓடு தள்ளி. நடுவில் சாம்பல் நிறச் சாந்து. வரிசைகள் ஆப்பு வைத்ததுபோல் ஒரு பக்கம் குறுகி ஒரு பக்கம் விரிந்து தெரிந்தன. சாந்து, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுப்பட்ட சாம்பலாக இருந்தால்தான் வித்தை பலிக்கும். 1979-இல் கிரெகரியும் பிரிசில்லா ஹெர்டும் கட்டுரை எழுதினார்கள். கிட்டத்தட்ட இதையே 1897-இல் ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் எழுதியிருந்தார். சாந்து பூசிய கொத்தனார் எதையும் எழுதவில்லை.

பிறகு மெல்போர்ன் டாக்லண்ட்ஸில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் முகப்பையே இந்த டிசைனில் கட்டினார்கள். கீழே நின்று பார்த்தால் மாடிகள் ஆளுக்கொரு பக்கம் சாய்கின்றன. எல்லாம் மட்டமாகத்தான் இருக்கின்றன. காண்டிராக்டரிடம் ஒரு பைசா பிடிக்க முடியாது.